கனகாம்பர நிறம்

முழுசையும் குடித்துவிட்டேன். கடைசி மடக்கு இறங்கும்போது தோள்பட்டை வரைக்கும் சிலிர்த்தது, அப்படி ஒரு தித்திப்பு. இனி ரெண்டு மணி நேரம் இந்த நாற்காலியை விட்டு அசையக் கூடாது, எதையும் வாயில் போடக் கூடாது, அதற்கப்புறம் இன்னொரு தடவை ரத்தம் எடுத்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று பெனிட்டா சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். பெனிட்டா இந்த ஆராய்ச்சிப் பிரிவின் நர்ஸ், மார்த்தாண்டத்துப் பெண். முதல் வருஷம் என்னைப் பாட்டி என்று கூப்பிட வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்ததும் ஆன்ட்டி என்று மாற்றிக்கொண்ட புத்திசாலி. எனக்கு எதிரே சுவரோரம் போட்ட பெஞ்சில் என் தம்பி குற்றாலம் மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் என்னைப் பார்க்கிறானா, எனக்குப் பின்னால் தொங்கும் காலண்டரைப் பார்க்கிறானா என்று சொல்ல முடியாது, வலது கண்ணில் பார்வை இல்லை, இடது கண்ணில் பாதிதான். பத்து வயதில் வந்த சீனி வியாதி அவனுக்கு. தெருவில் எல்லோருக்கும் ஐம்பதுக்கு மேல் வருகிறதே, மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறைவாக ஜிலேபி தின்கிற சீனி, அது இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு வருவது, ஊசி இல்லாவிட்டால் உயிர் இல்லை என்கிற வகை. அந்த மாதிரிப் பிள்ளைகளோடு கூடப்பிறந்தவர்களை எல்லாம் தேடிப் பிடித்து, வருஷம் ஒரு தடவை ரத்தம் எடுத்து, எத்தனை பேருக்குப் புதிதாக வருகிறது, வருவதற்கு முன்னாலேயே ரத்தத்தில் ஏதாவது அடையாளம் தெரிகிறதா என்று இங்கே பார்க்கிறார்கள். ஊரான் கேட்டாலே ரத்தம் கொடுக்கலாம், தம்பி பேரில் கேட்டால் மாட்டேன் என்றா சொல்வது. ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். முடிவு எதுவானாலும் தம்பிக்குச் சொல்லிவிடுங்கள், எனக்குச் சொல்ல வேண்டாம். அவன் அறிவியல் வாத்தியாராக இருந்தவன், அவனுக்குப் புரியும் என்று டாக்டர் ஹமீதாவிடம் காரணம் சொன்னேன். உண்மையான காரணம் பயம். வருஷா வருஷம் அவனுக்கு போன் வரும், ஒண்ணுமில்லக்கா என்பான், நான் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். போன வருஷம் மட்டும் அவன் போனை வைத்துவிட்டுக் காய்கறிக்காரனிடம் விலை கேட்கிறவன் மாதிரி எங்கேயோ பார்த்துக்கொண்டு, "அடையாளம் இருக்காம்க்கா" என்றான். அடையாளம் இருந்தால் நாளைக்கே வியாதி என்று அர்த்தமில்லை, வராமலே கூடப் போகலாம். ஆனால் சீனி தடுமாற ஆரம்பித்திருந்தால் அப்புறம் திரும்பி வருகிற வழி கிடையாது. ஆரம்பித்துவிட்டதா இல்லையா என்பதைத்தான் இன்றைக்கு இந்தத் தித்திப்பு சொல்லப்போகிறது.

இந்த ருசியை நான் அறுபது வயது வரைக்கும் ருசித்ததில்லை என்று சொன்னால் பெனிட்டா சிரிப்பாள். எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் குளுக்கோஸ் டப்பா எப்போதும் இருந்தது. பச்சை டப்பா, மூடியைத் திறக்க ஸ்பூன் காம்பை விட்டு நெம்ப வேண்டும். குற்றாலத்துக்குச் சீனி திடீரென்று இறங்கிவிட்டால் உடனே வாயில் போட வேண்டிய மருந்து அது, அம்மா விரலால் தொட்டு நக்கக்கூட விட மாட்டாள். "அது தம்பி உசுருட்டி ஆவுடை" என்று என்னை அதட்டுவாள். உசுரை யாராவது நக்குவார்களா, நானும் நக்கவில்லை. ஆனால் அம்மா கோயிலுக்குப் போன சமயம் ஸ்டூல் போட்டு ஏறி, மூடியைத் திறந்து மோந்து பார்த்திருக்கிறேன். ஒரு வாசனையும் கிடையாது, வெள்ளையாகச் சும்மா கிடந்தது. இப்போது இவர்கள் அதில் எலுமிச்சை வாசனை சேர்த்துக் கொடுக்கிறார்கள். அவனுக்கு இல்லாத இனிப்பு யாருக்கும் வேண்டாம் என்று அப்பா ஒரு நாள் சொன்னார், அன்றோடு எங்கள் வீட்டில் பாயசம் நின்றது, காப்பியில் சீனி நின்றது, தீபாவளிக்கு முறுக்கும் காரச்சேவும் மட்டும் என்று ஆனது. அல்வாவுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு அல்வா நுழையாத வீடு எங்களுடையது. மெட்ராஸிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்காக நான்தான் கடையில் கூட்டத்தில் நின்று வாங்குவேன், வாங்கிய சூட்டோடு பஸ் ஸ்டாண்டுக்கே கொண்டுபோய்க் கையில் கொடுத்துவிட்டு வருவேன், வீட்டு வாசலை அது பார்க்காது. அப்பா மட்டும் வெளியே கடையில் சீனி போட்ட காப்பி குடித்தார். அது எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், குற்றாலத்துக்கும் தெரியும். சாயந்திரம் அவர் உள்ளே நுழையும்போது குற்றாலம் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பான். பாவம் அப்பா, ஊருக்கெல்லாம் டிக்கெட் பரிசோதிக்கிற மனுஷர், வீட்டில் டிக்கெட் இல்லாமல் அகப்பட்ட ஆள் மாதிரி நடந்துபோவார். மருந்தைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும், எங்கள் தெருவிலேயே ஃபிரிட்ஜ் கிடையாது. மூக்காண்டி அண்ணாச்சியின் சோடாக் கடையில் ஐஸ் பெட்டி இருந்தது, அதில் சிவப்பும் பச்சையுமாகக் கலர் பாட்டில்கள் நடுவே இன்சுலின் குப்பி படுத்திருக்கும். காலையில் நான் போய் நின்றால், "ஏட்டி, ஒந்தம்பி மருந்து குளுந்துபோய்க் கெடக்கு, எடுத்துக்கோ" என்பார். கலர் குடிக்க வந்தவர்கள் அந்தச் சின்னக் குப்பியைக் காட்டி இது என்ன கலர் அண்ணாச்சி என்று கேட்டால், "அது ராசா வீட்டுக் கலர்டே, ஒனக்கெல்லாம் கெடையாது" என்பார். ராசா வீடு. நான் அந்தக் குப்பியை ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தெருவில் நடக்கும்போது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கும். ஒருத்தன் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு போகிறோம் என்று பதினைந்து வயதில் எத்தனை பேருக்கு வாய்க்கும்.

அந்த நாட்களை நான் சந்தோஷமான நாட்கள் என்று நினைக்கலாமா, தெரியவில்லை. பிள்ளைக்கு நோய், அம்மாவுக்கு அழுகை, எனக்கு மட்டும் ஏன் நினைத்தால் இனிக்கிறது. காலையில் எங்கள் வீட்டில் முதலில் எரிவது ஸ்பிரிட் விளக்கு, அடுப்பு அதற்குப் பிறகுதான். கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் நீலத் தண்ணி ஊற்றி, அதில் குற்றாலத்தின் மூத்திரம் சில சொட்டு விட்டு, இடுக்கியால் பிடித்து விளக்கின் மேலே காட்டுவேன். கொதித்ததும் நிறம் மாறும். மாறாமல் நீலமாகவே நின்றால் சீனி இல்லை, பச்சையானால் கொஞ்சம், மஞ்சளானால் அதைவிடக் கூட, கடைசியில் செங்கல் நிறம் வந்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் யாரும் உரக்கப் பேச மாட்டார்கள். அம்மாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. மருந்துக்கடைக்காரர் கொடுத்த அட்டையில் கூட்டல் குறி போட்டு எழுதியிருந்ததை அவள் மதிக்கவே இல்லை, தானாகப் பேர் வைத்துக்கொண்டாள். நீலத்துக்கு மயில்கழுத்து. பச்சைக்கு வாழைக்குருத்து. மஞ்சளுக்கு எலுமிச்சை. செங்கல் நிறத்துக்குச் செங்காமட்டை. நடுவில் ஒன்று விட்டுப்போகிறதே. எலுமிச்சைக்கும் செங்காமட்டைக்கும் நடுவில் ஒரு நிறம் உண்டு, ஆரஞ்சும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல், அதற்கு அம்மா என்ன பேர் சொன்னாள். பப்பாளியா. பப்பாளி இல்லை. துவரம்பருப்பா. அதுவும் இல்லை. எனக்கு ஞாபகம் தப்பாது, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலையில் இருந்த காலத்தில் டவுன் நம்பர் பாதி எனக்கு மனப்பாடம், கேட்டால் டைரக்டரியைத் திறக்காமல் சொல்வேன். இது மட்டும் நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. குற்றாலத்தைக் கேட்டால் சொல்லிவிடுவான். ஆனால் கேட்டால், அக்கா ஏன் நிறத்தை நினைக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிடும், பயந்துபோயிருக்கிறேன் என்று கண்டுபிடித்துவிடுவான். குழாய் சூடாகும்போது நாங்கள் ரெண்டு பேரும் பந்தயம் கட்டுவோம். தோற்றவர் எல்லோருடைய பாயையும் சுருட்ட வேண்டும். அவன் எப்போதும் மயில்கழுத்து என்றே கட்டுவான், அநேகமாக எப்போதும் தோற்பான், ஒரு நாளாவது வேறு நிறம் சொல்லுடா என்றால் மாட்டான். ஒல்லிக் கையால் பாயைச் சுருட்டிச் சுருட்டி மூலையில் சாத்துவான். நான் போய்க் கூட ஒரு பாயைச் சுருட்டினால், "பந்தயம்னா பந்தயம், நீ தள்ளுக்கா" என்று விரட்டுவான். அம்மா என்ன பேர் சொன்னாள் அந்த நிறத்துக்கு.

"என்னக்கா, குமட்டுதா" என்று குற்றாலம் பெஞ்சிலிருந்து கேட்கிறான். இல்லை என்று தலையாட்டினேன், அவனுக்குத் தெரிந்திருக்காது என்பதால் வாய்விட்டும் சொன்னேன். "குமட்டுனா சொல்லிரணும். வாந்தி எடுத்தியோ, மறுபடியும் மொதல்ல இருந்து குடிக்கணும், ஆமா" என்றான். ஊசி உலகத்தில் அவன் பழம் தின்று கொட்டை போட்டவன், நான் புதுசு, அந்தத் தோரணை அவன் குரலில் இருக்கிறது. "நீ எப்பல இட்லி சாப்பிட்ட" என்றேன். "அது கெடக்கட்டும், இன்னைக்கு நீதான் பேஷண்ட், பேசாம இரி." பேசாமல் இரு என்று என்னிடம் சொல்ல இந்த உலகத்தில் அவன் ஒருத்தன்தான் பாக்கி. அவன் ஊசி போட்டுக்கொண்டு சரியாகச் சாப்பிட்டானா, மேலுதட்டில் வேர்வை துளிர்க்கிறதா, கொட்டாவி விடுகிறானா என்று நான் இங்கிருந்தே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இது எனக்கு மூச்சு விடுவது மாதிரி. சீனி இறங்கினால் அவனுக்கு முதலில் மேலுதட்டில் வேர்க்கும், அப்புறம் கொட்டாவி, அப்புறம் உளறல். நான் பத்தாவது படிக்கும்போது அவன் அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது. அங்கிருந்து பியூன் சைக்கிளில் வந்து எங்கள் வகுப்பு வாசலில் நிற்பார், வாத்தியார் பாடத்தை நிறுத்துவதற்குள் நான் எழுந்து ஓடியிருப்பேன். தாவணி முந்தியில் குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் முடிந்திருக்கும். போனால் அவன் தலைமையாசிரியரைப் பார்த்து, "மாமா, எங்க வீட்டுக்கு ஏன் வரவே மாட்டேங்கியோ" என்று கேட்டுக்கொண்டிருப்பான், அவரும் வாரேன்டே, வாரேன்டே என்று பதில் சொல்லிக்கொண்டிருப்பார். பின்கழுத்தில் கை கொடுத்துத் தலையைத் தூக்கி வாயில் பொடியைப் போடுவேன். முழுங்குல, முழுங்கு. வாயை இறுக்கிக்கொள்வான், துப்புவான், என்னை அடிப்பான், நான் விட மாட்டேன். முழுங்குல. கொஞ்ச நேரத்தில் கண் தெளியும், சட்டையெல்லாம் பொடியாக இருப்பதைப் பார்த்து வெட்கப்பட்டு, "அக்கா, நான் என்ன சொன்னேன்" என்று காதில் கேட்பான். ஒன்றும் சொல்லவில்லை என்பேன். தலைமையாசிரியரை மாமா என்று அவன் கூப்பிட்டதை இன்றுவரை அவனிடம் சொன்னதில்லை, அவர் செத்தும் இருபது வருஷம் ஆயிற்று.

வேலை கிடைத்து எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்த பிறகும் காதில் குழாயை மாட்டிக்கொண்டு ஊர் முழுக்கப் பேச்சை இணைத்துக் கொடுத்தபடி, நடுவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடை நம்பரைப் போட்டு, தம்பி சாப்பிட்டானா என்று கேட்டுவிடுவேன். சூப்பர்வைசர் கண்டும் காணாததுபோல இருப்பார். என்னைப் பெண் பார்க்க ரெண்டு இடத்திலிருந்து வந்தார்கள். ரெண்டும் நன்றாகத்தான் போயிற்று, அப்புறம் யாரோ காதில் போட்டார்கள், அந்த வீட்டுல சின்ன வயசுலயே சீனி, ரத்தத்துலயே இருக்கு என்று. அதோடு நின்றது. எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஒரு வருஷம் போல வருத்தப்பட்டேன், அப்புறம் எக்ஸ்சேஞ்சில் ஷிப்ட் மாறி மாறி வந்ததில் மறந்தேன். குற்றாலமும் கட்டிக்கொள்ளவில்லை. அப்பா போனார், அம்மா போனாள், ரெண்டு கிழடுகளும் ஒரு வீட்டில் சட்னிக்கு உப்பு பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு இருக்கிறோம். ரத்தத்திலேயே இருக்கிறது என்று அன்றைக்கு எவளோ சொன்னாளே, அவள் வாயில் சீனி போட, சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். டாக்டர் ஹமீதா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். உடம்பில் காவலுக்கென்று ஆட்கள் இருக்கிறார்களாம், வெளியிலிருந்து கிருமி வந்தால் அடித்து விரட்டுவது அவர்கள் வேலை. சில உடம்புகளில் அவர்கள் கணையத்தைப் பார்த்து, இதுவும் வெளியாள் என்று நினைத்துவிடுகிறார்களாம். என் ரத்தத்தில் அப்படி நினைத்தவர்களின் கால்தடம் தெரிகிறதாம். அதிலிருந்து மனசு அங்கேயேதான் போய் முட்டுகிறது. அறுபது வருஷம் உள்ளேயே இருந்துவிட்டு முகம் தெரியவில்லை என்றால் எப்படி. தினமும் வாசலில் சலாம் போட்ட கூர்க்கா ஒரு நாள் காலையில் யாரு நீ என்று கம்பை ஓங்குவானா. என்ன கோபம் அவர்களுக்கு, அந்தக் கணையம் என்ன பாவம் செய்தது, அதுபாட்டுக்கு ஒரு ஓரமாக வேலை செய்துகொண்டு கிடந்தது. குற்றாலத்துக்கும் இப்படித்தான் நடந்திருக்கிறது, பத்து வயதில், அவன் கோலிக்குண்டு விளையாடிக்கொண்டிருந்தபோது உள்ளே சத்தமில்லாமல் அடிதடி நடந்திருக்கிறது. அவனுக்கு நடந்தது எனக்கும் நடந்தால் என்ன, ஒரே வயிற்றில் கிடந்தவர்கள்தானே என்று ஒரு நிமிஷம் தைரியமாக இருக்கிறது. அடுத்த நிமிஷம் அவன் கண் ஞாபகம் வருகிறது. அவனுக்கு ஊசிப் பேனாவில் அளவைத் திருகி வைப்பது நான், அவன் பாதத்தில் புண் இருக்கிறதா என்று தினம் பார்ப்பது நான். என் கண்ணும் போனால் எங்கள் வீட்டில் யார் கண்ணால் யார் பார்ப்பது. எனக்குப் பயமாக இருக்கிறது. வியாதியைவிட அந்தச் சின்ன விஷயம்தான், பேனாவின் எண் தெரியாமல் ரெண்டு பேரும் ஜன்னல் வெளிச்சத்தில் நின்றுகொண்டிருப்பது.

கரண்ட் போய்விட்டது. மின்விசிறி சுற்றிக்கொண்டே வந்து நின்றது. உள்ளே ரத்தம் வைத்திருக்கும் பெட்டிகளுக்கு மட்டும் ஜெனரேட்டர் உண்டு, மனுஷர்களுக்குக் கிடையாது, ஒரு கணக்குக்கு அதுதான் நியாயம். புரட்டாசி வெயில் ஜன்னல் வழியாக வந்து என் முழங்கால் மேல் விழுகிறது. காலையிலிருந்து பச்சைத் தண்ணி, அதற்கு மேல் இந்தத் தித்திப்பு, வயிற்றில் ஏதோ உருண்டு அடங்குகிறது, கண் சொருகுகிறது. முன்பு மத்தியானங்களில் அம்மா என்னைக் கீழே உட்காரவைத்துத் தலை பின்னுவாள். எண்ணெய்க் கை, இழுத்துப் பின்னுகிற வலி, பக்கத்தில் குற்றாலம் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதுவான், முறத்தில் பூ இருக்கும். வாசனை இல்லாத பூ. அம்மா அதைக் காம்பு காம்பாக எடுத்து விரலிலேயே கட்டுவாள். எனக்குப் பிச்சிதான் பிடிக்கும், அம்மா வாங்குவது அந்தப் பூ, ரெண்டு நாள் வாடாது என்பாள். கனகாம்பரம். அதுதான். அம்மா குழாயை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னைக்குக் கனகாம்பரம்" என்று அப்பாவிடம் சொல்வாள், அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே, "நாளைக்குக் கொறஞ்சிரும்" என்பார். மயில்கழுத்து, வாழைக்குருத்து, எலுமிச்சை, கனகாம்பரம், செங்காமட்டை. அஞ்சும் வந்துவிட்டது. அப்பா தினமும் சொன்ன நாளைக்கு, அம்மாவின் எண்ணெய்க் கை, விரலில் சுற்றிய நூல், இழுத்துக் கட்டுகிறாள், தலை பின்னால் போகிறது.

வாயில் ஏதோ இனிப்பு கரைந்தது. டப்பாவை மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அது இவ்வளவு இனிப்பு என்று தெரியாமல் போய்விட்டதே என்று நினைத்தேன், அப்புறம் பின்கழுத்தில் ஒரு கை இருப்பது தெரிந்தது. கண்ணைத் திறந்தால் குற்றாலத்தின் முகம், மூக்கு என் மூக்கில் இடிக்கிற தூரத்தில். "முழுங்குக்கா. முழுங்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் முழுங்கியிருந்தேன். பாதி மிட்டாய் இன்னும் நாக்கின் மேல் இருந்தது. அவன் சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் மிட்டாய், அவனுக்கு இறங்கினால் போட்டுக்கொள்ள நானே வாங்கிக் கொடுத்தது. "வேர்த்து ஊத்திட்டுக்கா ஒனக்கு. மேலுதட்டுல பாரு. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன், வாயத் தொறந்துட்டுக் கெடந்த" என்றான். ஏல, கரண்ட் இல்லாட்டா எல்லாருக்கும்தான் வேர்க்கும் என்று சொல்ல வந்தேன், மிட்டாய் இடித்தது. கையில் துப்பினேன். அந்த நேரம் பார்த்துத்தான் பெனிட்டா ரத்தம் எடுக்கத் தட்டோடு வந்து நின்றாள். என் உள்ளங்கையைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். "சார், நீங்க சயின்ஸ் டீச்சர் தானே" என்று மட்டும் கேட்டாள். சத்தம் போட்டிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது. "கை தானாப் போயிட்டும்மா" என்றான். இனி எடுக்கிற ரத்தத்தில் மிட்டாய் எது, மருந்துத் தண்ணி எது என்று பிரிக்க முடியாதாம், டாக்டரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று தட்டோடு திரும்பிப் போனாள். எனக்குச் சிரிப்பு வந்தது, வெறும் வயிற்றில் சிரித்ததால் வலித்தது. காலையிலிருந்து இழுத்துப் பிடித்த மூச்சு விட்டதுபோல இருந்தது, இன்றைக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை, எனக்கு அதில் வெட்கமில்லாத ஒரு சந்தோஷம். சேலை முந்தியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போறது போ, கேன்டீன்ல ஒரு காப்பி வாங்கிக் கொடு" என்றேன்.

அவன் எழுந்திருக்கவில்லை. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒனக்கு ஞாபகம் இருக்கா, கல்லிடைக்குறிச்சியில சித்தி வீட்டுக் கல்யாணம்" என்றான். கல்யாணம் ஞாபகம் இருந்தது, ரேடியோ குழாய் கட்டிப் பாட்டுப் போட்டது, மழை பெய்தது. "அங்க வச்சு எனக்குத் தனியா ஒரு செம்பு வச்சிருந்தாங்க. மத்தப் பிள்ளைகள அதத் தொடாதீங்கன்னு சித்தி சொல்லிட்டா. எனக்கோ அண்ணாந்து குடிக்க முடியல்ல, தெம்பே இல்ல. வாய வச்சுச் சப்பிக் குடிச்சேன். எல்லாரும் பாத்தாங்க. நீ வந்து அந்தச் செம்ப என் கையில இருந்து புடுங்கி, மிச்சத் தண்ணிய நீயும் வாய வச்சே குடிச்ச. அத்தன பேருக்கு முன்னால. குடிச்சிட்டுச் சித்தியப் பாத்து, இப்ப எனக்கும் வரட்டும்னு சொன்ன." நான் யோசித்தேன். அடிவரைக்கும் போய்த் தேடினேன். செம்பு இல்லை, தண்ணீர் இல்லை, நான் சொன்னதாக அவன் சொல்கிற வார்த்தை இல்லை. மழையும் ரேடியோ குழாயும்தான் வந்தது. காலையிலிருந்து அவனைப் பற்றி நான் ஞாபகம் வைத்திருப்பதை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறேன், இது என்னிடம் இல்லவே இல்லை. "எனக்கு ஞாபகம் இல்லல" என்றேன். "எனக்கு இருக்கு" என்றான். "ஏல, எச்சித் தண்ணியிலயா இது வரும். எத்தன பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருக்க, எது தொத்தும் எது தொத்தாதுன்னு." "தெரியும்க்கா. எனக்குத் தெரியாதா. கரும்பலகையில படம் போட்டுச் சொல்லிக் கொடுத்தவந்தானே. புத்திக்குத் தெரியுது. வருசா வருசம் இங்க இருந்து போன் வாரப்ப மட்டும் அந்தச் செம்புதான் கண்ணு முன்னால நிக்கும். ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா அந்த வருசத்துக்குப் போயிரும். போன வருசம் போகல்ல. இப்பவும் நிக்கி." அவன் அழவில்லை. பார்வை பாதியான அந்தக் கண் மட்டும் நனைந்திருந்தது, அது எப்போதும் நனைந்துதான் இருக்கும். மிட்டாயை வேண்டுமென்று போட்டானா, கை தவறிப் போட்டானா என்று நான் கேட்கவில்லை. எல்லா வருஷமும் அந்த போனை அவன் தலையில் கட்டிவிட்டு நான் அடுப்பைப் பார்க்கப் போயிருக்கிறேன். என் பயத்தை அவனிடம் இறக்கி வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன், அவன் அதற்கு அடியில் இதையும் வைத்துச் சுமந்துகொண்டிருந்திருக்கிறான். இந்தத் தடவை ஆரம்பித்துவிட்டது என்று அந்த போனில் ஒரு குரல் சொன்னால் இவன் என்ன ஆவான் என்று நினைத்தேன்.

பெனிட்டா திரும்பி வந்தாள். கரண்ட்டும் வந்தது. டாக்டர் கோபப்படவில்லை என்றும், அடுத்த செவ்வாய்க்கிழமை வெறும் வயிற்றோடு வந்தால் மறுபடி செய்துகொள்ளலாம் என்றும் சொன்னாள். "ஆன்ட்டி மட்டும் வந்தாப் போதும், கேட்டீங்களா" என்று சிரித்துக்கொண்டே தம்பியைப் பார்த்துச் சொன்னாள். அப்புறம், "ரிசல்ட் வந்தா எப்பவும் போல சாருக்குத்தானே போன் பண்ணணும்" என்றாள். குற்றாலம் ஆமாம் என்று தலையாட்ட ஆரம்பித்தான். "வேண்டாம்மா" என்றேன். "இனிமே எதுனாலும் எனக்குத்தான் சொல்லணும். எனக்கு மட்டும்." குற்றாலம் முகத்தைத் திருப்பினான். "நீதானே ஒனக்குத் தெரிய வேண்டாம்னு சொன்ன" என்றான். "அப்பச் சொன்னேன். இப்ப எனக்குத் தெரியணும்" என்றேன். பெனிட்டா எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரி ஆன்ட்டி என்று போனாள். நான் எழுந்து, படி இறங்குவதற்காக அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் ஒரு நாள் அந்த போன் வரும், நான் எடுப்பேன், அவன் சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டு என் முகத்தைப் பார்க்க முயற்சி செய்வான். அந்தக் குரல் எதைச் சொன்னாலும் போனை வைத்துவிட்டு, ஒண்ணுமில்லல, நல்லா இருக்கு என்றுதான் அவனிடம் சொல்லப்போகிறேன்.